மொரோக்கோ புதினா டீ: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

மொரோக்கோக்காரர்கள் ‘அத்தாய்’ என்று சொல்லும் புதினா டீயை வீட்டில் போட்டுப் பார்த்தவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கசக்கிறது. நுரை நிற்கவில்லை. புதினா கறுத்துக் கீரை வாடை அடிக்கிறது. கூடவே, “வேறு தேயிலை வாங்கட்டுமா? அந்த ஊர் டீக் கெண்டி வாங்கினால் சரியாகிவிடுமா?” என்றும் கேட்பார்கள்.

காசு செலவழித்தால்தான் தீரும் என்கிற கோளாறு இதில் மிகக் குறைவு. தேயிலையைக் கழுவும் இரண்டு நிமிடத்திலும், புதினாவை எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதிலும் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் எழுதியிருக்கிறேன். பொருள் வாங்குவதும் ஆளைத் தேடிப் போவதும் கடைசியில் வரும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேயிலை, தண்ணீர், புதினா மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் டீ நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

முதலில் ஒருமுறை இப்படிப் போட்டுப் பாருங்கள்

கீழே உள்ள சோதனைகள் எல்லாம் இந்த அளவை வைத்துத்தான். 600 மி.லி. டீக்கு ‘கன்பவுடர்’ பச்சைத் தேயிலை தட்டையாக 2 தேக்கரண்டி, அதாவது 6 முதல் 7 கிராம். கடுகிலிருந்து மிளகு வரையிலான அளவில் இறுகச் சுருண்ட உருண்டைகளாக இருக்கும். சர்க்கரை 3 அல்லது 4 மேசைக்கரண்டி. புதினா காம்போடு ஒரு பெரிய கைப்பிடி.

தேயிலையைக் கெண்டியில் போட்டு, கொதிக்கும் தண்ணீரைச் சின்ன கிளாஸால் ஒரு கிளாஸ் ஊற்றுங்கள். ஆட்டாமல் ஒரு நிமிடம் விட்டு, அதை ஒரு கிளாஸில் வடித்துத் தனியே வையுங்கள். பொன்னிறமாக, தெளிவாக இருக்க வேண்டும். தேயிலையின் உயிர் இதுதான் என்று மொரோக்கோவில் சொல்வார்கள், கொட்டிவிடாதீர்கள். மறுபடி ஒரு கிளாஸ் கொதிநீர் ஊற்றி, இந்தத் தடவை கெண்டியை நன்றாகச் சுழற்றி, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். கலங்கலாக வரும். கலங்கல் குறையாவிட்டால் இன்னொரு தடவை.

அப்புறம் எடுத்து வைத்த முதல் கிளாஸைத் திரும்பக் கெண்டியில் ஊற்றி, மீதிக்குக் கொதிநீர் சேர்த்து, சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் குமிழ் கட்டி, இலை மேலே எழும்பத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகுதான் புதினாவும் சர்க்கரையும். மூடி 3, 4 நிமிடம் விடுங்கள். கரண்டி போட்டுக் கலக்க வேண்டாம். ஒரு கிளாஸ் ஊற்றி அதைக் கெண்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் சர்க்கரை கரைந்துவிடும். ருசி பார்த்துவிட்டு, உயரத் தூக்கி ஊற்றுங்கள்.

இப்படிப் போட்டே சரியாக வந்துவிட்டால் மேலே படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கோளாறு: நாக்கை இழுக்கும் கசப்பு

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கிளாஸே கசக்கிறதா, அல்லது முதல் கிளாஸ் நன்றாக இருந்து அடுத்தடுத்த கிளாஸ்கள் கசக்கின்றனவா? இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

*முதல் கிளாஸே கசந்தால்*

கழுவியதைச் சரிபாருங்கள். வடித்த முதல் தண்ணீரையும், சுழற்றிக் கொட்டப்போகும் இரண்டாவது தண்ணீரையும் இரண்டு கண்ணாடி கிளாஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது தெளிவாகவும் இரண்டாவது கலங்கலாகவும் இருந்தால் கழுவியது சரி. இரண்டும் கலங்கல் என்றால் முதல் தடவையே கெண்டியை ஆட்டிவிட்டீர்கள், அல்லது தேயிலையில் தூள் அதிகம். இரண்டுமே தெளிவு என்றால் இரண்டாவது தடவை போதுமான அளவு சுழற்றவில்லை. கசப்பு இன்னும் கெண்டிக்குள்தான் இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. கசப்பு என்று சொல்பவர்களை நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்தது அளவு. கன்பவுடர் உருண்டைகள் கனமானவை. சாதாரண இலைத் தேயிலையைப் போலக் குவித்துப் போட்டால் அளவு ஒன்றரை மடங்காகிவிடும். சமையல் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தீ. நம் வீடுகளில் டீ என்றால் தளதளவென்று கொதித்து, பொங்கி, அடங்கி, மறுபடி பொங்க வேண்டும். பாலும் தூளும் சேர்ந்த டீக்கு அது சரி. பச்சைத் தேயிலை அதைத் தாங்காது. குமிழ் கட்டியதும் இறக்காமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும் கசக்கும்.

நான்காவதைப் பலர் காரணமாகவே நினைப்பதில்லை: சர்க்கரையைக் குறைத்துவிட்டு, தேயிலையை அதே அளவில் வைத்திருப்பது. இந்த டீயின் கணக்கே தித்திப்பை நம்பிப் போட்டது. மொரோக்கோவில் இதற்கென்றே கூம்பு வடிவில் வார்த்த 2 கிலோ சர்க்கரைக் கட்டி விற்கிறார்கள். சின்னச் சுத்தியலால் உடைத்துக் கெண்டிக்குள் போடுவார்கள். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அந்தக் கூம்பைத்தான் எடுத்துப் போவார்கள். சர்க்கரையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு ஏற்பத் தேயிலையையும் குறைக்க வேண்டும். பாதிச் சர்க்கரை என்றால் ஒரு தேக்கரண்டித் தேயிலை போதும், அடுப்பில் வைக்கவும் வேண்டாம். கொதிநீர் ஊற்றி மூடி வைத்தாலே சாறு இறங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கசந்தால்தான் தேயிலையை மாற்றும் பேச்சு. இப்போது இருப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டை இறுகலாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். தட்டில் கொட்டினால் அடியில் தூள் தங்கக் கூடாது. பையில் அடைத்த கிரீன் டீ தூளாக இருப்பதால் இந்த முறைக்கு ஒத்துவராது. கழுவும்போதே பாதி போய்விடும், மிச்சம் கசக்கும். மொரோக்கோ கடைகளில் சீனத் தேயிலைப் பெட்டிகளை எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். 3505 என்பது உருண்டை வகை. 41022, 9371 இரண்டும் புருவம் போல வளைந்த ‘சுன்மீ’ வகை. சுன்மீயை வாங்கிவிட்டீர்கள் என்றால் அது தவறான பொருள் இல்லை, அங்கே அதையும் நிறையக் குடிக்கிறார்கள். அது உருண்டையைவிடச் சீக்கிரம் இறங்கும் என்பதால் முதல் கழுவலை அரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். நீலகிரி இலைக் கிரீன் டீயிலும் போடலாம். சாறு மென்மையாக இருக்கும், கசப்புத் தொல்லையும் குறைவு, ஆனால் அந்த அழுத்தம் வராது.

*முதல் கிளாஸ் நன்று, அடுத்தது கசப்பு என்றால்*

இலை ஊறிக்கொண்டே இருக்கிறது. வேறு காரணம் தேட வேண்டாம். ஒன்று, எல்லாருக்கும் ஒரே மூச்சில் ஊற்றிவிடுங்கள். அல்லது, சர்க்கரை கரைந்ததும் இன்னொரு சூடான பாத்திரத்தில் வடித்து வையுங்கள். சஹாராப் பக்கம் ஒரே இலையில் மூன்று சுற்று போடுவார்கள். முதல் சுற்றுதான் அதில் கடுமையானது, பின்னால் வருபவை இளகிக்கொண்டே போகும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது என்றால் பழைய தண்ணீரே இலையோடு கிடக்கிறது என்று அர்த்தம்.

கோளாறு: புதினா கறுத்துவிட்டது, கீரை வாடை வருகிறது

அடுப்பு எரியும்போதே புதினாவைப் போட்டீர்களா? அப்படியென்றால் அதுதான் காரணம். புதினா கொதிக்கக் கூடாது. இறக்கி, கொதிப்பு அடங்கிய பிறகு போடுங்கள்.

இறக்கிய பிறகுதான் போட்டேன், ஆனாலும் கறுக்கிறது என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். இலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா? தண்ணீருக்கு வெளியே நிற்கும் இலை ஆவியில் வெந்து கறுத்து, அந்த வாடையை முழுக் கெண்டிக்கும் கொடுத்துவிடும். இதில் மொரோக்கோ வீடுகளில் ரொம்பக் கண்டிப்பு. மிதக்கும் புதினாவால் வயிறு கெடும் என்றே சொல்வார்கள். காம்போடு இரண்டாக மடக்கி, கரண்டிக் காம்பால் உள்ளே அழுத்தி, முழுக்க மூழ்கவிடுங்கள். கெண்டி நிறைய இலையை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் குறைவாக ஊற்றினாலும் இதே தொல்லைதான்.

அடுத்து, இலையை உருவி நறுக்கிப் போட்டீர்களா? சட்னிக்குச் செய்கிற பழக்கத்தில் கை அப்படித்தான் போகும். நறுக்கிய இடமெல்லாம் கறுக்கும், கெண்டியின் மூக்கிலும் போய் அடைக்கும். இளங்காம்போடு முழுசாகப் போடுங்கள். அடித்தண்டு மட்டும் வேண்டாம். கறுப்புப் பட்ட இலை, மஞ்சள் இலையை முதலிலேயே கிள்ளிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வாடை வந்தால் கட்டு பழையது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த கட்டு குளிர் தாக்கி, வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் சுடுநீர் பட்டதும் கறுத்துவிடும். புதுக் கட்டு வாங்கி, காம்பை டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இரண்டு நாளைக்குக் கவலை இல்லை.

கோளாறு: புதினா போட்டும் மணமே இல்லை

பெரும்பாலும் போட்டது பத்தவில்லை. அலங்காரத்துக்குப் போடுவதுபோல நாலு இலை போட்டால் போதாது. நம் சந்தையில் விற்கும் சின்னக் கட்டு என்றால் 600 மி.லி.க்கு ஒரு முழுக் கட்டு ஆகும்.

அளவு சரிதான் என்றால் ஓர் இலையை உள்ளங்கையில் கசக்கி மோந்து பாருங்கள். கையில் மணம் இல்லை என்றால் டீயிலும் வராது. பூ விட்ட புதினா, வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த புதினா இரண்டும் இப்படித்தான் இருக்கும். காலைச் சந்தையில் வாங்குங்கள், அல்லது தொட்டியில் வளர்த்துவிடுங்கள். கடைக் கட்டிலிருந்தே நல்ல காம்பு ஒன்றை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்ணீரில் வைத்தால் வேர் விட்டுவிடும். பாதி நிழல், ஈரம் காயாத மண், இவ்வளவுதான் அது கேட்கும்.

மூடாமல் வைத்ததும் ஒரு காரணம். சர்க்கரை, புதினா போட்டபிறகு மூடி மூடியே இருக்கட்டும்.

கோளாறு: தொண்டையில் தைலம் தடவியதுபோல ஜில்லென்கிறது

இது புதினாவின் வகைப் பிரச்சினை. மொரோக்கோவில் ‘நானா’ என்று விற்பது ஸ்பியர்மின்ட் இனம். இலை சுருக்கம் சுருக்கமாக, மணம் இனிப்பாக இருக்கும். மெக்னெஸ் நகரத்துப் பக்கம் விளையும் புதினாவுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. நீங்கள் போட்டது மென்தால் கூடிய பெப்பர்மின்ட் அல்லது அது கலந்த ‘மின்ட் டீ’ பொட்டலமாக இருக்கும். கசக்கி மோந்ததும் மூக்கு குளிர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். காய்ந்த புதினாவும் இதற்குச் சரிவராது, மருந்துக் கஷாய வாசனை வந்துவிடும்.

நல்ல புதினா கிடைக்காத மாதங்களில் மொரோக்கோக்காரர்களே வேறு இலைகளுக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் ‘ஷீபா’ என்ற கசப்பு மூலிகையில் ஒரு சின்னக் கொத்து போடுவார்கள். மர்தத்தூஷ், லூயிசா என்கிற எலுமிச்சை மண இலை இரண்டும் உண்டு. இதில் மர்தத்தூஷ் நமக்குத் தெரிந்த மருதான், பூக்கடையில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டுவார்களே அது. ஆனால் பூக்கடை மருவைக் குடிக்கும் டீயில் போடாதீர்கள், மாலைக்கு வளர்த்ததில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. வீட்டுத் தொட்டியில் வளர்த்தது என்றால் ஓர் இணுக்கு போதும். ஷீபா நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்ததுதான். அதற்காக ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட வேண்டாம்.

கோளாறு: நுரை வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை

நுரை வேண்டும் என்றே அங்கே உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். கிளாஸின் மேல் நிற்கும் அந்த வளையத்தைத் தலைப்பாகை என்று சொல்வதும் உண்டு. நுரை இல்லாத கிளாஸை விருந்தாளிக்கு நீட்டக் கூசுவார்கள். ருசிக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஊற்றும்போது காற்றும் கலக்கிறது, சூடும் ஆறுகிறது. எனக்கு இது இல்லாமல் குடிக்கப் பிடிப்பதில்லை.

ஊற்றுவதை முதலில் பாருங்கள். கெண்டியின் மூக்கைக் கிளாஸுக்கு அருகில் வைத்துத் தொடங்கி, ஊற்றிக்கொண்டே கெண்டியை ஒரு சாண் அளவுக்கு மேல் தூக்க வேண்டும். நம் டீ மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல அகலமாக இழுத்தால் நுரை பெரிய குமிழாக வந்து உடனே உடைந்துவிடும். இங்கே வேண்டியது மெல்லிய, நிற்காத ஓட்டம். பழகும்வரை வெறும் தண்ணீரை வைத்து, சிங்கில் நின்று ஊற்றிப் பாருங்கள்.

ஓட்டம் சரியாக இருந்தும் நுரை உடனே அடங்குகிறதா? கிளாஸையும் கெண்டியையும் பாருங்கள். பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஒட்டிய கொழுப்பு, சரியாக அலசாத சோப்பு, எண்ணெய் விரல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நுரை நிற்காது. சோதனை எளிது: ஒரு கிளாஸை மட்டும் சுடுநீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிட்டு, அதிலும் மற்றொன்றிலும் ஊற்றிப் பாருங்கள். அதில் மட்டும் நுரை நின்றால் விடை கிடைத்துவிட்டது. அகலமான காபிக் கோப்பையைவிட ஒடுங்கின சின்னக் கிளாஸ் நல்லது.

சர்க்கரையே போடாத டீயில் நுரை கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். கிளாஸுக்குக் கிளாஸ் மாற்றி மாற்றி ஊற்றினால் ஓரளவு எழும். சஹாராவில் முதலில் கிளாஸ்களில் நுரையை மட்டும் கட்டி வைத்துவிட்டு, அப்புறம்தான் டீயை ஊற்றுவார்கள்.

மிச்சம் இருப்பவை பழைய தேயிலையும் உப்புத் தண்ணீரும். தண்ணீரைப் பற்றி அடுத்த கோளாறில் சொல்கிறேன். வளைந்து ஒடுங்கிய மூக்குள்ள கெண்டி வாங்கினால் மெல்லிய ஓட்டம் சுலபமாக வரும், உண்மைதான். ஆனால் அதைக் கடைசியில் வாங்குங்கள்.

கோளாறு: டீ கறுப்பாகவோ கலங்கலாகவோ இருக்கிறது, மேலே படலம் கட்டுகிறது

நல்ல அத்தாய் தேன் நிறத்தில், ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கலங்கல் மட்டும்தான், படலம் இல்லை என்றால் இரண்டாவது கழுவலைக் கொட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது கரண்டி போட்டுக் கலக்கியிருக்கிறீர்கள். கரண்டி அடியில் கிடக்கும் இலையை உடைக்கும். வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு போட்டால் நிறமும் மாறும், புதினா மணத்தையும் அமுக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையே இதற்குச் சரி.

ஆறும்போது மேலே எண்ணெய் போல மெல்லிய படலம் கட்டி, கிளாஸ் ஓரத்தில் பழுப்பு வளையம் விட்டால் தண்ணீர் கடினமானது. கெட்டிலின் உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். போர் தண்ணீரில் ஒரு கிளாஸ், கேன் தண்ணீரில் ஒரு கிளாஸ், தேயிலையை மட்டும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேன் தண்ணீரில் நிறம் வெளுத்துத் தெளிந்து, படலம் இல்லாமல் இருந்தால் டீக்கு மட்டும் அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக வடிகட்டி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தும் படலம் கட்டுகிறது என்றால் அதன் வடிகட்டியை மாற்றும் காலம் வந்திருக்கலாம். ஆர்.ஓ. பராமரிக்கும் ஆளைக் கூப்பிட்டுத் தண்ணீரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கோளாறு: சப்பென்று இருக்கிறது

எடுத்து வைத்த முதல் கிளாஸைத் திரும்ப ஊற்ற மறந்திருப்பீர்கள். அப்படி இல்லை என்றால் கழுவிய பிறகு உருண்டைகளைப் பாருங்கள். இன்னும் இறுகியே இருந்தால் தண்ணீர் கொதிக்கவில்லை, அல்லது அடுப்பிலிருந்து சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் பாகு போலவும் இருந்தால் சர்க்கரை அடியில் தங்கிவிட்டது. இன்னும் இரண்டு முறை கிளாஸிலிருந்து கெண்டிக்குத் திருப்பி ஊற்றுங்கள்.

கோளாறு: கெண்டி மூக்கு அடைக்கிறது, ஊற்றும்போது சிந்துகிறது, அடியில் ஒழுகுகிறது

மூன்றையும் பிரித்துப் பாருங்கள்.

அடைப்பு என்றால் நறுக்கிய இலையோ தூளோ மூக்கின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. முழுக் காம்பாகப் புதினாவைப் போட்டால் அதுவே தேயிலையைத் தடுத்து நிறுத்தும். வடிகட்டி தனியாக வேண்டியிருக்காது. கழுவும்போது மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

விட்டு விட்டுக் கொப்பளித்து வந்தால் மூடியில் உள்ள சின்னத் துளை அடைத்திருக்கும். ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து கெண்டி வயிற்றில் வழிந்தால் மெதுவாகச் சாய்க்கிறீர்கள், அல்லது கழுத்துவரை நிரப்பியிருக்கிறீர்கள்.

உண்மையான ஒழுகல் வேறு. கெண்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாள் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூக்கைக் கெண்டியின் உடம்போடு பற்றவைத்த இடம்தான் விட்டிருக்கும். இங்கே நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். ஒட்டுப் பசை, எம்-சீல் எதுவும் கொதிநீர் படும் இடத்துக்கு ஆகாது. ரேடியோ, மொபைல் பழுது பார்க்கும் கடையில் பற்றவைக்கவும் கொடுக்காதீர்கள், அங்கே பயன்படும் பற்றுக்கம்பியில் காரீயம் இருக்கக்கூடும். எவர்சில்வர் கெண்டி என்றால் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைக்குக் கொண்டு போங்கள், குடிக்கும் பாத்திரம் என்று சொல்லிவிடுங்கள். பித்தளை என்றால் பாத்திரப் பட்டறை. கூலி புதுக் கெண்டி விலையை நெருங்கினால் பழையதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிது வாங்கலாம்.

கோளாறு: உலோக ருசி, நாணயத்தை நக்கியதுபோல

புதுக் கெண்டி என்றால் மெருகுப் பசை உள்ளே ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போய்விடும். பிறகு அந்தக் கெண்டியில் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், விழுங்க வேண்டாம். ருசி இல்லை என்றால் கோளாறு தண்ணீரிலோ தேயிலையிலோ இருக்கிறது.

ருசி இன்னும் இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முழுக்க வெள்ளையாக, ஒரே சீராக இருந்தால் எவர்சில்வராக இருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் ஒட்டாததை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. உள்ளே எங்காவது மஞ்சளோ சிவப்போ திட்டாகத் தெரிந்தால் மேல்பூச்சு போய்ப் பித்தளையோ செம்போ வெளியே வந்துவிட்டது. அந்த நிமிடமே அதில் டீ போடுவதை நிறுத்துங்கள். ஃபெஸ் நகரத்தின் சஃபாரின் சதுக்கத்தில் செம்புக் கன்னார்கள் உட்கார்ந்து தட்டும் இடத்தில் வாங்கியதாகவே இருந்தாலும் இதே விதிதான். நம் ஊரில் ஈயம் பூசுகிறவர்கள் இந்த வேலையைச் செய்வார்கள். கும்பகோணம் மாதிரிப் பித்தளைப் பாத்திரத் தொழில் உள்ள ஊர்களில் விசாரியுங்கள். பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

பூசிய கெண்டியை வெறுமையாக அடுப்பில் வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூட்டுக்குப் போகாது. புளி, வினிகர், கம்பி நார் மூன்றும் இந்தப் பூச்சுக்கு ஆகாது.

இன்னொன்று. சுற்றுலாக் கடைகளில் விற்கும் அலங்காரக் கெண்டிகள் பலவும் அடுப்புக்குச் செய்தவை அல்ல. எதனால் செய்தது என்று விற்றவரால் சொல்ல முடியாத கெண்டி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய கெண்டி, இவற்றை மேஜையில் அழகுக்கு வைத்துவிட்டு, டீயைச் சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். ருசியில் குறை வராது.

கைப்பிடி சுட்டால் தீ கெண்டியின் அடிவட்டத்தைத் தாண்டி எரிகிறது. தீயைக் குறைத்து, துணி சுற்றிப் பிடியுங்கள். மொரோக்கோவிலும் கைப்பிடிக்குத் துணி உறை போட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

கோளாறு: கிளாஸ் விரிசல் விடுகிறது

மலிவான பூப்போட்ட கிளாஸ்கள் திடீர்ச் சூட்டைத் தாங்காது. கொட்டப்போகும் இரண்டாவது கழுவல் தண்ணீரைக் கிளாஸ்களில் சுற்றி ஊற்றி, சூடாக்கிவிட்டு அலசிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிளாஸும், ஈரக் கல்மேடையில் நிற்கும் கிளாஸும் வேண்டாம். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்க இடம் வேண்டும்.

கோளாறு: குடித்தபின் நெஞ்செரிச்சல், தூக்கமின்மை

வெறும் வயிற்றில் குடித்தீர்களா என்று பாருங்கள். மொரோக்கோவில் இதோடு ரொட்டியோ, அடுக்கு அடுக்கான மஸெம்மென் அப்பமோ, பாதாம் பலகாரமோ தட்டில் இருக்கும். எதையாவது சாப்பிட்டுவிட்டுக் குடித்தும் எரிச்சல் வந்தால் புதினாவைக் குறைத்துப் பாருங்கள். எதுக்களிப்பு உள்ள சிலருக்குப் புதினா அதைக் கூட்டும். தூக்கம் வராவிட்டால் மாலைக்கு மேல் தேயிலையை விட்டுவிட்டு லூயிசாவையோ புதினாவையோ மட்டும் சுடுநீரில் போட்டுக் குடிக்கலாம்.

இதற்கு மேல் வீட்டுச் சோதனை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்: எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால், மலம் கறுப்பாகப் போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன அளவில் குடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கர்ப்பிணிகள் ஷீபாவையும், ‘ஃப்லியோ’ என்ற காட்டுப் புதினாவையும் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் சொல்லும்போது “டீ குடிக்கிறேன்” என்று நிறுத்தாமல், ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ், எவ்வளவு சர்க்கரை, என்னென்ன இலை சேர்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.